ஊரடங்குப் பணம் யார் கைக்குப் போனது?

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்ததும் வடசென்னையில் முதலில் நின்றுபோனது அன்றாடக் கூலி. காசிமேட்டில் மீன்கூடை தூக்குபவர், துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி கிளீனர், எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளி எனப் பலருக்கும் சம்பளச் சீட்டே கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்கு அரசின் பணம் எந்த வழியாக வந்தது?

ரேஷன் அட்டை

தமிழக அரசு அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையை இலவசமாகவும் தந்தது. ஜூனில் சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு போட்டபோது இன்னொரு 1,000. 2021 மே, ஜூன் மாதங்களில் இரு தவணையாக 4,000. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அட்டை இருந்தால் போதும். ஆனால் மூன்று பேர் வீட்டுக்கும் எட்டுப் பேர் வீட்டுக்கும் ஒரே தொகைதான்.

நல வாரியம்

தொழிலாளர் நல வாரியங்களில் பதிந்த கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர்களுக்குத் தனியாக 1,000 ரூபாய் கிடைத்தது. கட்டுமான வாரியத்துக்குக் கட்டடச் செலவில் 1 சதவீதம் தீர்வையாக வருகிறது. அதனால் ஆபத்துக் காலத்தில் எடுத்துக் கொடுக்கச் சொந்த நிதி இருந்தது.

மீனவருக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணமாக அப்போது குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கிடைத்தது. படகு கரையில் கிடந்தால் கூடை தூக்குபவருக்கும் வேலை இல்லை. ஆனால் அவர் பெயர் மீனவர் பட்டியலில் இல்லையென்றால் அந்தப் பணமும் இல்லை.

விடுபட்டவர்கள்

இங்கே வேலை பார்த்த பீகார், ஒடிசாத் தொழிலாளர்களின் அட்டை சொந்த ஊரில் இருந்தது. எந்த ஊரிலும் ரேஷன் வாங்கவிடும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழகத்துக்கு வந்தது 2020 அக்டோபரில். அதிலும் தானியம்தான், மாநில அரசின் ரொக்கம் கிடையாது. அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவுசெய்யும் ‘இ-ஷ்ரம்’ தளம் 2021 ஆகஸ்டில்தான் திறந்தது. பிரேசில் அரசோ 2020 ஏப்ரலிலேயே செல்போன் செயலி வழியாகப் புதியவர்களைப் பதிந்து, மாதம் 600 ரெயால் கொடுத்தது.

இனி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நிவாரணம் 6,000 ரூபாயும் ரேஷன் கடை வழியாகவே வந்தது. ஆபத்து வந்தபின் பட்டியல் தயாரிக்க நேரம் இருக்காது. ஏற்கெனவே எழுதிவைத்த பெயருக்குத்தான் பணம் போகும். சுமை தூக்குபவர்களுக்கும் நல வாரியம் உண்டு. பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு முகாமைக் காசிமேட்டு ஏலக்கூடத்துக்கே கொண்டுபோவதுதான் அரசுக்கு ஆகிற குறைந்த செலவு. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகத்துக்கு அலைய அங்கிருப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது.