நெல்லுக்குக் கடிகாரத்தின் பெயர்

ஒன்றரை ஏக்கரில் உழுத விவசாயி ஒருவர் பொறுக்கி எடுத்த விதை ஐந்தாறு மாநிலங்களில் விளைந்தது. அவருக்கு மிஞ்சியது விருதுகளும் வழக்காடிய பெயரும். தாதாஜி கோப்ரகடேயின் வாழ்க்கை இன்னும் ஒரு கேள்வியை எழுப்பிக்கொண்டிருக்கிறது.

ஹைதராபாத்திலோ நாகபுரியிலோ அரிசிக் கடைக்குப் போய், நல்ல சன்ன அரிசி வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் காட்டும் மூட்டைகளில் ஒன்று நிச்சயம் எச்.எம்.டி. அரிசியாக இருக்கும். மெல்லிய, குட்டையான அரிசி. உதிரியாக வேகும், லேசான மணம் உண்டு. எச்.எம்.டி. என்றால் கைக்கடிகாரம் ஆயிற்றே, அது எப்படி அரிசிக்குப் பெயரானது என்று வாங்குபவர்கள் யோசிப்பதில்லை. அந்த நெல்லைக் கண்டெடுத்தவர் யார் என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

அவர் பெயர் தாதாஜி ராமாஜி கோப்ரகடே. ஊர் நாந்தேட். மராத்வாடாவில் சீக்கிய குருத்வாராவுக்குப் பேர்போன நாந்தேட் நகரம் அல்ல. மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், சந்திரபூர் மாவட்டம் நாக்பீட் தாலுகாவில் உள்ள சிறு கிராமம். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட தலித் விவசாயி. 2018 ஜூன் 3 அன்று, எண்பதை நெருங்கும் வயதில், கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங் தம்பதியர் நடத்தும் சோத்கிராம் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போதுதான் நாட்டின் பெரிய பத்திரிகைகளில் பலவும் அவரைப் பற்றி எழுதின.

விதர்பா என்றதும் பருத்தியும் கடனும் விவசாயிகளின் தற்கொலையும்தான் வெளியுலகின் நினைவுக்கு வரும். அது மேற்கு விதர்பா. நாந்தேட் இருக்கும் கிழக்குப் பகுதி வேறு மாதிரி. வைன்கங்கை நதியும், பழைய நிலக்கிழார்கள் காலத்து மால்குஜாரி ஏரிகளும், தடோபாவின் புலிக்காடும் உள்ள நெல் பூமி. பெரும்பாலும் மழைக்காலத்தில் ஒரே போகம். நெல் விளைந்தால் சோறு, தவறினால் கூலி வேலை என்பதே சிறு விவசாயியின் கணக்கு. மழையைத் தவிர அவன் கையில் இருப்பது விதை மட்டும்தான். நல்ல விதைநெல்லை அடையாளம் காணும் கண் அங்கே ஒரு குடும்பச் சொத்துக்குச் சமம்.

தாதாஜிக்கு அந்தக் கண் இருந்தது.

மூன்று கதிர்கள்

1983-இல் அவர் வயலில் நின்றது படேல்-3 என்ற ரகம். ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானி ஒருவர் உருவாக்கிய, அந்த வட்டாரத்தில் செல்வாக்கான நெல் அது. அறுப்புக்கு முன் வயலைச் சுற்றி வந்தபோது மூன்று கதிர்கள் மட்டும் வேறாகத் தெரிந்தன. மணி சிறிது, நிறமும் மஞ்சள் கலந்தது. எந்த வயலிலும் இப்படி ஒன்றிரண்டு கலப்புக் கதிர்கள் நிற்கும். எல்லோரும் சேர்த்து அறுத்துக் கட்டுக் கட்டிவிடுவார்கள். தாதாஜி தனியாகக் கொய்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டில் பத்திரப்படுத்தினார்.

அடுத்த பருவத்தில் அந்தச் சில மணிகளை வயலின் நடுவே தனியாக விதைத்தார். காட்டுப் பன்றிகள் உழப்பிவிடாமல் இருக்கச் சுற்றிலும் முள் வேலி போட்டார். விளைந்ததில் நல்லதைப் பொறுக்கினார். மறுபடி விதைத்தார்.

கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். உண்மையில் இது வருடக் கணக்கில் பொறுமை கேட்கும் வேலை. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். அதனால் வித்தியாசமான ஒரு செடியைப் பிரித்து வளர்த்தால் அதன் குணம் நிலைத்துவிட வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வித்தியாசம் இயற்கையாக நேர்ந்த கலப்பால் வந்ததாக இருந்தால், அடுத்த தலைமுறையில் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும், ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகவும் பிரியும். ஒவ்வொரு போகத்திலும் செடி செடியாகப் பார்த்து, மாறுபட்டதைப் பிடுங்கி எறிந்து, ஒத்ததை மட்டும் விதைக்கு வைக்க வேண்டும். போகத்துக்கு ஒரு வருடம் என்றால் ஐந்து தேர்வுக்கு ஐந்து வருடம். ஆராய்ச்சி நிலையத்தில் இதற்குச் சம்பளமும் ஆட்களும் குறிப்பேடும் உண்டு. தாதாஜிக்கு இருந்தது கண்ணும் நினைவும்.

இதில் இன்னொரு சங்கதியும் அடக்கம். சோதனைக்கு ஒதுக்கும் ஒவ்வொரு முழ நிலமும் வீட்டுச் சோற்றிலிருந்து குறையும். ஏக்கர் கணக்கில் நிலம் உள்ளவருக்கு அது பொருட்டல்ல. தாதாஜியோ மகனின் வைத்தியத்துக்காகத் தன் நிலத்தை அடகு வைக்க நேர்ந்தவர். உறவினர் வழியில் வந்த ஒன்றரை ஏக்கர்தான் கடைசிவரை அவருடைய ஆராய்ச்சிக்கூடம். அது போதாத நாட்களில் மற்றவர் வயலில் கூலிக்குப் போனார்.

1988-இல் நாலு கிலோ விதை விதைத்து 450 கிலோ நெல் எடுத்தார். அரைத்துச் சமைத்துப் பார்த்தபோது படேல்-3 அரிசியைவிடச் சன்னமாகவும் ருசியாகவும் இருந்தது. அரவையில் நொய்யும் குறைவு.

சந்தை வைத்த பெயர்

1990-இல் ஊரின் வசதியான விவசாயி ஒருவர் அவரிடம் 150 கிலோ விதை வாங்கி நாலு ஏக்கரில் போட்டார். அமோக விளைச்சல். நெல் தளோதி சந்தைக்குப் போனது. வியாபாரிக்கு அரிசி பிடித்துவிட்டது. பெயர் என்ன என்று கேட்டார். பெயர் இல்லை. அந்தக் காலத்தில் கல்யாண மாப்பிள்ளையின் மணிக்கட்டிலும் வேலைக்குப் போகும் பையனின் மணிக்கட்டிலும் எச்.எம்.டி. கடிகாரம்தான் மின்னும். தரத்துக்கு அதைவிட வேறு அடையாளம் எது? வியாபாரி நெல்லுக்கு அதையே சூட்டிவிட்டார்.

கண்டெடுத்தவரின் பெயர் அன்றே விடுபட்டது. அதில் தாதாஜிக்கு அப்போது வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கேட்டவர்களுக்கு விதை கொடுத்தார். ஊர்க்காரர்கள் வாங்கிப் போனார்கள், அவர்களிடமிருந்து அடுத்த ஊர்க்காரர்கள், பிறகு அடுத்த மாவட்டம். சில வருடங்களில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஆந்திரம், ஒடிசா, கர்நாடகம் வரை அந்த நெல் பரவியது. விளம்பரம் இல்லை, விதைக் கம்பெனி இல்லை. ஒரு விவசாயி விளைவித்ததைப் பார்த்து இன்னொரு விவசாயி கேட்டு வாங்கியதுதான் அதன் பரவலின் ரகசியம்.

இங்கேதான் அவருடைய வறுமைக்கான காரணமும் இருக்கிறது. நெல் விதையை ஒருமுறை வாங்கினால் போதும். அடுத்த வருடத்துக்கு வாங்கியவரே எடுத்து வைத்துக்கொள்வார். வீரிய ஒட்டு விதை போல ஆண்டுதோறும் கடைக்குப் போகத் தேவையில்லை. விவசாயிக்கு இது பெரிய வரம். ஆனால் அந்த ரகத்தை உருவாக்கியவருக்கு ஒரே ஒரு முறைதான் காசு, அதுவும் கேட்டு வாங்கினால். கேட்கும் சுபாவம் அவருக்கு இல்லை. அண்டை வீட்டுக்காரனிடம் விதைக்கு உரிமைத்தொகை கேட்கும் வழக்கம் எந்தக் கிராமத்திலும் இல்லை.

1994-இல் ஒரு திருப்பம். அகோலாவைத் தலைமையிடமாகக் கொண்ட டாக்டர் பஞ்சாப்ராவ் தேஷ்முக் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிந்தேவாஹி நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அவரிடம் ஐந்து கிலோ விதை வாங்கிப் போனார்கள். 1998-இல் பி.கே.வி. எச்.எம்.டி. என்ற பெயரில் பல்கலைக்கழகம் ஒரு ரகத்தை வெளியிட்டது. தன் உழைப்புக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்பது தாதாஜியின் புகார். விவசாயியிடமிருந்து பெற்ற விதையைத் தூய்மைப்படுத்தி மேம்படுத்தி வெளியிட்டோம் என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். தூய்மைப்படுத்துவதும் ஒரு வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கோடிக்கணக்கான கதிர்களுக்கு நடுவே அந்த மூன்று கதிர்களைப் பார்த்தவர் யார் என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

அகமதாபாத் பேராசிரியர் அனில் குப்தாவின் முயற்சியில் 2000-இல் தொடங்கப்பட்ட தேசியப் புத்தாக்க அறக்கட்டளைதான் இந்தக் கதையை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது. 2005-இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கையால் தாதாஜி விருது வாங்கினார். அடுத்து மகாராஷ்டிர அரசின் வேளாண் விருதும் தங்கப் பதக்கமும். கஷ்ட காலத்தில் விற்கப் போனபோது அந்தப் பதக்கத்தின் தங்கம் தரம் குறைந்தது என்று தெரிந்ததாகப் பின்னர் செய்தி வெளியானது. ஆயுள் முழுவதும் கலப்பைப் பிடுங்கி எறிந்தவருக்குக் கிடைத்த பரிசு அது. 2010-இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை இந்தியாவின் செல்வாக்கான கிராமப்புறத் தொழில்முனைவோர் ஏழு பேரில் ஒருவராக அவரைப் பட்டியலிட்டது. தொழில்முனைவோர் என்ற சொல்லுக்கும் அந்த ஒன்றரை ஏக்கருக்கும் இடையே இருந்த தூரம் பட்டியலில் தெரிய வாய்ப்பில்லை.

வீடும் வயலும்

விருதுகள் அவர் அன்றாடத்தை மாற்றவில்லை. எச்.எம்.டி.யோடு அவர் நிறுத்தவும் இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் இன்னும் எட்டுக்கும் குறையாத ரகங்களைத் தேர்ந்தெடுத்தார். நாந்தேட்-92, நாந்தேட் ஹீரா, விஜய் நாந்தேட், தீபக் ரத்னா, காட்டே எச்.எம்.டி., டி.ஆர்.கே. என்று அவற்றின் பெயர்கள் நீளும். பெயர்களைக் கவனித்தால் மனிதரைப் புரிந்துகொள்ளலாம். சந்தை பெயர் வைக்க விடாமல் தானே வைத்தபோது, அவர் திரும்பத் திரும்ப வைத்தது ஊரின் பெயரைத்தான். தன் முதல் எழுத்துகளை, அதாவது தாதாஜி ராமாஜி கோப்ரகடே என்பதன் சுருக்கமான டி.ஆர்.கே.யை, பிற்பாடுதான் பயன்படுத்தினார்.

குடும்பத்தில் நோய் ஓயவில்லை. மகனுடைய குடும்பத்தின் மருத்துவச் செலவு, பேரப் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தத் துண்டு நிலத்தை நம்பியே நின்றன. மகனும் அவரோடு வயலில் இறங்கினார்; கதிர் பொறுக்கும் கலை அப்படித்தான் அடுத்த தலைமுறைக்குப் போனது. கடைசி ஆண்டுகளில் பக்கவாதம் தாதாஜியைப் படுக்கையில் தள்ளியது. சிகிச்சைக்குப் பணமில்லை என்ற செய்தி பரவிய பிறகு, 2018 மே மாதத்தில் மாநில அரசு இரண்டு லட்சம் ரூபாய் உதவி அறிவித்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் அவர் இல்லை. பத்து நாள் கழித்து ராகுல் காந்தி நாந்தேடுக்கு வந்து குடும்பத்தைப் பார்த்தார். ஊர் ஒருநாள் கேமராக்களால் நிரம்பியது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2001-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விவசாயி உருவாக்கிய ரகத்தை அவர் பெயரிலேயே பதிவு செய்ய வழி செய்கிறது. விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, முத்திரைப் பெயர் போடாமல் விற்க விவசாயிக்கு உள்ள உரிமையையும் அது காக்கிறது. இரண்டுமே நல்லவை. ஆனால் தாதாஜி விஷயத்தில் முதலாவது தாமதமாக வந்தது. சட்டம் பிறந்தபோது அவருடைய நெல் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான வயல்களில் இருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் கொடுக்க வேண்டியவர்களும் அவரைப் போன்ற சிறு விவசாயிகள்தானே.

ஆகவே பாக்கி அவர்களிடம் இல்லை. பெரிய ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் செலவிடும் நாடு, வயலில் நடக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். இப்படிப்பட்டவருக்கு மாதச் சம்பளம் போல ஓர் உதவித்தொகை, நோய் வந்தால் மருத்துவம், அவர் கொடுத்த விதைக்கு ரசீதும் பெயரும். தாதாஜி கேட்டதும் ஏறக்குறைய இவ்வளவுதான். சால்வையும் பதக்கமும் கொடுக்க அரசுக்குத் தெரிந்திருந்தது, இதற்குத்தான் விதி கிடைக்கவில்லை.

எச்.எம்.டி. கைக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்தது. மணிக்கட்டுகளிலிருந்து அந்தப் பெயர் மெல்ல மறைந்துவருகிறது. அரிசி மூட்டைகளில் மட்டும் இன்னும் கம்பீரமாக நிற்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் எங்கோ ஒரு விவசாயி, போன வருடம் எடுத்து வைத்த அந்த நெல்லைக் கொட்டி நாற்று விடுகிறார். அது யார் கொடுத்த விதை என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து ஊரில் வாங்கியது என்பார். தாதாஜியும் அதை அப்படித்தான் கொடுத்தார்.