பாலையும் டீயையும் ருசி பார்க்கும் கருவி நாக்கு



குழம்பில் உப்பு குறைந்தால், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கியதுமே நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் பாலில் யூரியாவோ சோப்புத்தூளோ கொஞ்சமாகக் கலந்திருந்தால் நம் நாக்குக்குத் தெரியாமலே போகலாம். பிள்ளைகளுக்குத் தினமும் கொடுக்கிற பால் ஆச்சே! இதற்கெல்லாம் உதவத்தான் விஞ்ஞானிகள் 'கருவி நாக்கு' செய்திருக்கிறார்கள்.

லாக்டோமீட்டர் போதாதா?

லாக்டோமீட்டர் பாலின் அடர்த்தியை மட்டும்தான் காட்டும். தண்ணீர் கலந்தால் அளவு குறையும். கூடவே சர்க்கரையும் போட்டுவிட்டால் அளவு மறுபடி ஏறிவிடும். ஒரே ஒரு சோதனையை ஏமாற்றுவது சுலபம். பல சோதனைகளை ஒரே நேரத்தில் ஏமாற்றுவது கஷ்டம்.

எப்படி வேலை செய்கிறது?

கொல்கத்தாவில் சி-டாக் நிறுவனம் டீயின் தரம் பார்க்க ஒரு கருவி நாக்கை உருவாக்கியது. தங்கம், பிளாட்டினம் போன்ற பல உலோகக் கம்பிகளை டீயில் முக்கி, லேசாக மின்சாரம் கொடுப்பார்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஓடும் மின்சாரம் ஒவ்வொரு மாதிரி இருக்கும். டீ ருசி பார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்கள் போட்ட மார்க்கோடு இதை ஒப்பிட்டு கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறார்கள்.

பிள்ளையார்பாளையத்துத் தறியைப் பார்த்த நமக்கு இது புரியாதா? ஒரு இழையைப் பார்த்து புட்டாவைச் சொல்ல முடியாது. பல இழை சேர்ந்தால்தான் டிசைன் தெரியும். கருவி நாக்கும் அப்படித்தான். ஆனால் பழக்காத டிசைன் அதற்குத் தெரியாது.

1998-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நிறம் மாறும் சின்னச் சின்ன மணிகளை வைத்து ஒரு கருவி நாக்கு செய்தார்கள். நிறத்தை வைத்தே கண்டுபிடிக்கும் இன்னொரு வழியை 2023-ல் நம் சென்னை ஐ.ஐ.டி. அறிவித்தது. அது காகிதத்தால் ஆன சோதனைக் கருவி. ஒரு மில்லி பால் போதும். யூரியா, சோப்பு, மாவு, உப்பு உள்பட 7 கலப்படங்களை 30 நொடியில் காட்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. பாலும் தண்ணீரும் சம அளவு எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். கெட்டியாக நுரை நின்றால் சோப்புத்தூள் கலந்திருக்கலாம்.

2. 2 ஸ்பூன் பாலில் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். 2, 3 சொட்டு டிஞ்சர் அயோடின் விடுங்கள். நீலமானால் மாவு கலந்திருக்கிறது.

சோதித்த பாலைக் குடிக்கக் கூடாது, கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று: சாயப்பொடி, சோடா, ஆசிட் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. டப்பாவில் பெயர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் அரை டம்ளர் பால் கொண்டு வாருங்கள். சேர்ந்தே சோதித்துப் பார்ப்போம்!