முகப்பேர் மேசையும் தரமணிச் சமன்பாடும்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவர் வருகிறார். மாரடைப்பாக இருக்கலாம் என்று மருத்துவர் கருதினால் உடனே 14 மாத்திரைகள் தரப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அடோர்வாஸ்டாடின் 8. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் முதல்கட்ட மருந்து இது. மருத்துவர் பார்த்த பிறகே கொடுக்க வேண்டியது. வீட்டில் தாமாக விழுங்கக் கூடாது. அடுத்தது 108 வண்டி. பட்டாபிராமிலிருந்து கிளம்பினால் சி.டி.எச். சாலை நெரிசல், திருமழிசையிலிருந்து கிளம்பினால் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெரிசல். அதைத் தாண்டித்தான் பெரிய ஆஸ்பத்திரி.

வண்டி சிக்னலில் நிற்கும் அந்த நிமிடங்களில் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது?

உடம்பின் மற்றத் தசைகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் இதயத் தசைக்கு உண்டு. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, தனக்கு வரும் இரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கை அது உறிஞ்சிவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் இரத்த ஓட்டம் கூடினால்தான் உண்டு. அந்த ஓட்டமும், குறிப்பாக இடது கீழறைக்கு, தசை சுருங்கும்போது நெரிபட்டு, விரியும்போதுதான் பெரும்பாலும் உள்ளே போகிறது. இதயம் வேகமாக அடித்தால் விரியும் நேரம் குறைகிறது. தேவை ஏறும் அதே வேளையில் வரத்து இறங்குகிறது.

குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் ஆக்சிஜன் சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதி சுருங்கும் பலத்தை இழக்கும். சுமார் 20 நிமிடத்துக்குப் பிறகு செல்கள் சாகத் தொடங்கும். முதலில் உட்பக்கச் சுவர்; அங்கிருந்து சாவு மெல்ல வெளிப்பக்கம் பரவ மணிக்கணக்கு ஆகும். 1970-களில் ரெய்மரும் ஜென்னிங்ஸும் நாய்களின் இதயத்தில் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள். ஆனால் மாரடைப்பு வந்த மனிதரின் நெஞ்சைத் திறந்துவைத்து வேடிக்கை பார்க்க முடியாது. அவருக்குச் சிகிச்சைதான் தர வேண்டும், சோதனை செய்யக் கூடாது. கணினி மாதிரி தேவைப்படுவது இந்த இடத்தில்தான். ஆவடியில் போர் வாகனங்களை வடிவமைப்பவர்கள் இரும்பை வெட்டுவதற்கு முன்பே அதன் மேல் விழும் பாரத்தைக் கணினியில் ஏற்றிப் பார்ப்பதைப் போல, இங்கே இதயத்தின் மேல் பட்டினியை ஏற்றிப் பார்க்கிறார்கள்.

இந்த வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் டெனிஸ் நோபிள். நரம்பில் மின்சாரம் ஓடுவதற்கு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் எழுதிய சமன்பாடுகளை எடுத்து, இதயச் செல்லுக்கு ஏற்ப மாற்றினார். லண்டனில் இருந்த ஃபெரான்டி மெர்குரி கணினியில் அவருக்குக் கிடைத்த நேரம் பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை. 1960-ல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. சோடியமும் பொட்டாசியமும் செல்லுக்கு உள்ளே வெளியே போய்வரும் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தால், துடிப்பு தானாகவே பிறந்தது.

இரத்தம் நின்ற இதயத்தைப் புரிந்துகொள்ளவும் அந்தப் பொட்டாசியம்தான் சாவி. செல்லுக்கு வெளியே சாதாரணமாக ஒரு லிட்டருக்கு 4 அல்லது 5 மில்லிமோல் இருக்கும். ஓட்டம் நின்ற பகுதியில் பத்து நிமிடத்துக்குள் அது 10-ஐத் தாண்டலாம். 1997-ல் ராபின் ஷாவும் யோரம் ரூடியும் பொட்டாசிய ஏற்றம், அமிலத்தன்மை, ஆக்சிஜன் இன்மை மூன்றையும் கணினியில் தனித்தனியாகவும் சேர்த்தும் ஏற்றிப் பார்த்தார்கள். உயிருள்ள திசுவில் இந்த மூன்றும் ஒட்டிப் பிறந்தவை, பிரிப்பது மிகக் கடினம். கணினியில் எளிது. பொட்டாசியம் கொஞ்சம் ஏறும்போது மின் அலை சற்று வேகமாகவே ஓடுகிறது. இன்னும் ஏறினால் சோடியக் கதவுகள் மீண்டும் திறக்கத் தயாராக முடியாமல் போய், அலை தளர்ந்து, ஒரு கட்டத்தில் நின்றே விடுகிறது.

ஆபத்து அந்தத் தளர்ந்த பகுதிக்கும் நல்ல பகுதிக்கும் நடுவிலுள்ள எல்லையில். அங்கே வந்து மோதும் அலை உடையலாம். உடைந்த நுனி திரும்பி வளைந்து, சுருளாகச் சுற்றத் தொடங்கலாம். ஒரு சுருள் பலவாகச் சிதறினால் கீழறை துடிக்காது, நடுங்கும். பலர் ஆஸ்பத்திரி வாசலை எட்டும் முன்பே உயிரை விடுவது இதனால்தான்.

சுருள் அலைகளின் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. தரமணியில் மேட்சயன்ஸ் என்று அழைக்கப்படும் கணித அறிவியல் நிறுவனத்தின் சிதாப்ர சின்ஹா, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராகுல் பண்டிட், ஷாஜஹான் ஆகியோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அதில் ஒன்று. இதயத் திசுவைச் சின்னஞ்சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு செல்லின் சமன்பாடுகளை வைத்து, நடுவில் மின்சாரம் பாயாத ஒரு தடையை நட்டார்கள். பழைய மாரடைப்பு விட்டுப்போன தழும்பு என்று அதை வைத்துக்கொள்ளலாம். தடை இருக்கும் இடத்தைச் சற்றே நகர்த்தினால் முடிவு தலைகீழாக மாறியது: ஓரிடத்தில் சுருள் சிதறியது, இன்னோரிடத்தில் தடையைப் பற்றிக்கொண்டு அங்கேயே சுற்றியது, வேறோரிடத்தில் முற்றாக மறைந்தது.

இதை மருத்துவர் கண்ணால் பார்த்தால் அதன் கனம் புரியும். ஒரே அளவு தழும்புள்ள இருவரில் ஒருவர் பேரனை எடுத்து வளர்க்கிறார், இன்னொருவர் ஒரு காலையில் சுருண்டு விழுகிறார். தழும்பின் அளவு மட்டும் போதாது, அது உட்கார்ந்திருக்கும் இடமும் தெரிய வேண்டும் என்று சமன்பாடு சொல்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நடாலியா டிரயனோவாவின் குழு 2016-ல் இதை நோயாளிகளிடமே கொண்டுபோனது. மாரடைப்பு வந்த 41 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து ஆளுக்கொரு கணினி இதயம் கட்டி, பல இடங்களில் மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு ஆபத்து என்பதை, இதயம் எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்ற வழக்கமான அளவுகோலைவிடத் தெளிவாக அது காட்டியது.

இரத்த ஓட்டத்தைக் கணக்கிடும் மாதிரிகள் இன்னொரு வகை. ஆஞ்சியோவில் 'பிளாக்' என்று தெரிவதெல்லாம் ஓட்டத்தைக் குறைப்பதில்லை. எது குறைக்கிறது என்பதை உறுதிசெய்ய, அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, மருந்து கொடுத்து ஓட்டத்தை உச்சத்துக்கு ஏற்றி அளப்பார்கள். மகாதமனியில் 100 இருக்கும்போது அடைப்புக்கு அப்பால் 75 என்றால் விகிதம் 0.75. பொதுவாக 0.80-தான் எல்லைக்கோடு. 2009-ல் வெளியான ஃபேம் ஆய்வில் 1,005 பேர் இருந்தார்கள். கம்பியால் அளந்து ஸ்டென்ட் வைத்தவர்களில் ஓராண்டுக்குள் சாவு, மாரடைப்பு அல்லது மறுசிகிச்சைக்கு ஆளானவர்கள் 13.2 சதவீதம்; படத்தை மட்டும் பார்த்து வைத்தவர்களில் 18.3. இப்போது அதே விகிதத்தை, கம்பியே நுழைக்காமல், சி.டி. படத்தில் தெரியும் குழாய்களுக்குள் திரவ ஓட்டச் சமன்பாடுகளை ஓட்டிக் கணக்கிட முடியும். ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தின் இந்த முறைக்கு அமெரிக்கா 2014-ல் அனுமதி தந்தது.

மேற்குச் சென்னைக்கு இதெல்லாம் தூரத்துச் சங்கதி அல்ல. 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்த டாக்டர் கே.எம். செரியன், பின்னாளில் அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரை இதய சிகிச்சைக்குப் பேர்போன இடமாக்கினார். அங்குள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரி, கோவையின் தாமஸ் அலெக்சாண்டர் முதலானோர், சின்ன ஆஸ்பத்திரியையும் பெரிய ஆஸ்பத்திரியையும் 108 வண்டியால் இணைத்து நடத்திய தமிழ்நாட்டு ஆய்வில் 2,420 மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள். இணைப்புக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், பின் 14.2. சமன்பாடு சொல்லும் நிமிடக் கணக்கை ஊர் அளவில் நடத்திக் காட்டிய வேலை அது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணினி இதயங்கள் பெரும்பாலும் மேலைநாட்டு நோயாளிகளின் படங்களிலிருந்து கட்டப்பட்டவை. இன்டர்ஹார்ட் ஆய்வின்படி தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு ஏறக்குறைய 59. சர்க்கரை நோயும் புகையும் சேர்ந்து, லேத் பட்டறையில் நின்றே வேலை பார்க்கும் 45 வயதுக்காரரின் இதயம் அந்த மாதிரிகளில் இருக்கிறதா என்று கேட்பது நியாயம். படம் எடுக்கும் கருவிகள் முகப்பேரிலும் போரூரிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சமன்பாடு எழுதத் தெரிந்தவர்கள் தரமணியில் இருக்கிறார்கள். நோயாளியின் சம்மதத்தோடு, பெயரை நீக்கிய படங்கள் அந்த ஆஸ்பத்திரிகளிலிருந்து தரமணிக்குப் போக ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும். அதற்கான பணத்தையும் விதிகளையும் மாநில சுகாதாரத் துறைதான் முன்னின்று வகுக்க வேண்டும்.