78 நிமிடங்கள்

2012 மார்ச் 17. லண்டன் கால்பந்து மைதானமொன்றில் போல்டன் அணி வீரர் ஃபாப்ரிஸ் முவாம்பா, வயது 23, யாரும் மோதாமலே குப்புற விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. இது மாரடைப்பு அல்ல. மாரடைப்பில் இரத்தக்குழாய் அடைபடும். இதில் இதயத்தின் மின்னோட்டம் குழம்பித் துடிப்பே நின்றுபோகும்.

களத்திலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஆட்டம் பார்க்க வந்த இதய மருத்துவர் ஒருவரும் இறங்கி ஓடிவந்தார். 78 நிமிடம் கழித்தே துடிப்பு திரும்பியது. அதுவரை அழுத்திய கைகளே மூளைக்கு இரத்தத்தை அனுப்பின. அல்ஹம்துலில்லாஹ், ஏப்ரலில் வீடு திரும்பினார். மருத்துவர்கள் சொற்படி ஆகஸ்டில் ஆட்டத்தை விட்டார்.

நாமோ விழுந்தவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்கிறோம். பேச்சுமூச்சு இல்லையென்றால் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, மற்றவர் நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை பலமாக அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.