இரத்தத்தில் சர்க்கரை, மூளையில் பட்டினி

கைக்குழந்தைக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது. இரத்தத்தில் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் மட்டும் சர்க்கரை மிகக் குறைவு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் இந்தத் தெளிந்த நீருக்குத் தண்டுவட நீர் என்று பெயர். அதில் சர்க்கரை குறைந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது மூளைக்காய்ச்சலை. உள்ளே புகுந்த கிருமிகளும் அவற்றோடு மல்லுக்கு நிற்கும் வெள்ளணுக்களும் சர்க்கரையைத் தின்று தீர்க்கும். தின்றதற்கு அடையாளமாக லாக்டேட் என்ற பொருள் அங்கே சேர்ந்து கிடக்கும். ஆனால் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் டேரில் டி விவோவும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்த இரண்டு குழந்தைகளிடம் லாக்டேட்டும் குறைவாகவே இருந்தது. ஆக, சர்க்கரையை யாரும் தின்னவில்லை. அது உள்ளே வந்து சேரவே இல்லை.

இதை எப்படி நிரூபிப்பது? உயிருள்ள குழந்தையின் மூளை இரத்தக்குழாயை வெட்டியெடுத்துப் பார்க்க முடியாது. அவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு விசித்திரமான ஒற்றுமை. மூளையின் நுண்குழாய்களில் குளுக்கோஸை உள்ளே விடும் அதே புரதம், இரத்தச் சிவப்பணுக்களின் மேலும் ஏராளமாக இருக்கிறது. குழந்தைகளின் கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, சிவப்பணுக்களுக்குள் குளுக்கோஸ் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தார்கள். மற்றவர்களுக்கு ஆவதில் ஏறக்குறைய பாதிதான் போனது. 1991ல் வெளியான அந்தக் கட்டுரையோடு ஒரு புதிய நோய் மருத்துவ உலகத்துக்கு அறிமுகமானது. அந்தப் புரதத்தின் பெயர் குளூட்1. நோயைக் குளூட்1 குறைபாடு என்கிறார்கள்.

இதன் முழு விபரீதம் புரிய, மூளை எவ்வளவு பெரிய சாப்பாட்டு ராமன் என்று தெரிய வேண்டும். உடல் எடையில் அது 2 சதவீதம். உடல் செலவழிக்கும் ஆற்றலிலோ 20 சதவீதம். பெரியவர் ஒருவரின் மூளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். தேக்கரண்டிக் கணக்கில் இருபத்துநான்கு. ஐந்து வயதுக் குழந்தையின் மூளை இன்னும் மோசம். உடலின் அன்றாட ஆற்றலில் 40 சதவீதத்துக்கும் மேல் அதற்கே போய்விடுகிறது. இத்தனைக்கும் மூளையிடம் சொல்லிக்கொள்ளும்படி சேமிப்பு எதுவும் கிடையாது. வர வரச் செலவுதான்.

வருவதும் சுலபமான வழியில் வருவதில்லை. மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களை ஒட்டி நீட்டினால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும்; ஓர் இரவு முழுக்கப் பேருந்தில் போகிற தூரம். உடலின் பல இடங்களில் இந்த நுண்குழாய்ச் சுவரில் இடுக்குகள் உண்டு, பொருட்கள் கசிந்து வெளியே போகும். மூளையில் மட்டும் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுகத் தைக்கப்பட்டிருக்கின்றன. இரத்த-மூளைத் தடுப்பு என்று இதற்குப் பெயர். நச்சும் கிருமியும் எளிதில் நுழையாதபடி காக்கும் இந்த ஏற்பாடு குளுக்கோஸையும் நிறுத்திவிடும். செல்லின் தோல் கொழுப்பாலானது; நீரில் கரையும் குளுக்கோஸ் அதை ஊடுருவ முடியாது. அது உள்ளே போக குளூட்1 என்ற வாசல் ஒன்றுதான் வழி.

அந்த வாசலின் வேலைப்பாடு அசாத்தியமானது. 492 அமினோ அமிலங்களைக் கோத்த ஒற்றை இழை, செல்லின் தோலை 12 முறை குறுக்கே தைத்து, நடுவில் ஒரு குழியை விட்டு நிற்கிறது. பெய்ஜிங்கில் ட்சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் நியெங் யானும் குழுவினரும் 2014ல் இதன் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டார்கள். புரதம் ஒருபோதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. வெளிக்கதவைச் சாத்தினால்தான் உள்கதவு திறக்கும் பெட்டக அறையைப் போல, இரத்தத்தின் பக்கம் திறந்து ஒரு குளுக்கோஸை வாங்கிக்கொள்ளும். அந்தப் பக்கம் மூடும். பிறகு உட்பக்கம் திறந்து விட்டுவிடும். ஒரு விநாடியில் இப்படி ஆயிரம் தடவை, அதுவும் ஆற்றல் எதையும் செலவழிக்காமல். சர்க்கரை அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத் தானாகவே நகர்ந்துவிடுகிறது. இந்த அவசரத்திலும் ஆள் பார்த்துத்தான் அனுமதி. குளுக்கோஸின் கண்ணாடிப் பிம்பம் போன்ற மூலக்கூறு ஒன்று உண்டு. அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, இடவலம் மட்டும் மாறியிருக்கும். அதை இந்த வாசல் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

குளூட்1 புரதத்துக்கான மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். ஒன்று பழுதானால் வாசல்கள் பாதியாகிவிடும். 1998ல் இது உறுதியானது. பெரும்பாலும் பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பார்கள். பழுது அந்தக் குழந்தையிடம் புதிதாக நேர்ந்திருக்கும். ஸ்காட்லாந்தில் எடுத்த ஒரு கணக்கின்படி ஏறத்தாழ 24,000 பிறப்புகளில் ஒன்று. வலிப்பு, திடீர் திடீரென்று கண்ணும் தலையும் சேர்ந்து வெட்டிக்கொள்வது, தள்ளாட்டம், தாமதமான பேச்சு ஆகியவை அறிகுறிகள். பலரிடம் இவை வெறும் வயிற்றில் கூடும், சாப்பிட்டதும் தணியும்.

இனி வைத்தியம். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. மருந்து, நோய்க்குப் பெயர் வைப்பதற்கு எழுபது ஆண்டுகள் முன்பே தயாராக இருந்தது. நாட்கணக்கில் பட்டினி கிடந்தால் வலிப்பு அடங்குகிறது என்று பழங்காலம் முதலே கவனித்திருந்தார்கள். பட்டினி போடாமலே அந்த நிலையை உண்டாக்க முடியுமா என்று யோசித்த அமெரிக்க மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர், 1921ல் மேயோ கிளினிக்கில் கீட்டோஜெனிக் உணவை முன்வைத்தார். மாவுச்சத்தை ஒடுக்கி, கொழுப்பை அள்ளிக் கொடுப்பது. கல்லீரல் அந்தக் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்ற சிறு மூலக்கூறுகளாக்கும். கீட்டோனுக்கு குளூட்1 தேவையே இல்லை; இரத்த-மூளைத் தடுப்பில் அதற்கென்று தனி வாசல் உண்டு. 1967ல் ஜார்ஜ் கேஹிலின் குழு, வாரக்கணக்கில் உண்ணாநிலையில் இருந்த பருமனான சிலரின் மூளைக்குப் போகும் இரத்தத்தையும் திரும்பும் இரத்தத்தையும் ஒப்பிட்டு, மூளை எரிப்பதில் பாதிக்கும் மேல் கீட்டோன்தான் என்று காட்டியது. முன்வாசல் அடைத்துக்கொண்ட குழந்தைகளுக்கு இதுவே பின்வாசல் ஆயிற்று.

சொல்ல எளிது. சமைத்துப் போட வேண்டிய அம்மாவைக் கேட்டால் தெரியும். கண்டிப்பான முறையில் 4 கிராம் கொழுப்புக்கு, மாவுச்சத்தும் புரதமும் சேர்த்தே 1 கிராம்தான். அடுப்படியில் கரண்டிக்குப் பதில் தராசு வந்துவிடும். வெண்ணெயும் எண்ணெயும் கிராம் கணக்கில் நிறுத்து, கிண்ணத்தில் ஒட்டியதையும் வழித்து ஊட்ட வேண்டும். இருமல் சிரப்பின் இனிப்புகூடக் கணக்கில் சேரும். பிறந்தநாள் கேக் ஒரு விள்ளல் கிடையாது. வருடக்கணக்கில் இப்படி. கூடவே சில பொறிகளும் உண்டு: காபியில் உள்ள காஃபீன் குளூட்1 வாசலை மந்தப்படுத்தும். குழந்தைகளின் வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டாலும் அதையே செய்யும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. வலிப்பை நிறுத்தக் கொடுத்த மருந்தே பாதி வாசலையும் ஒருக்களித்துச் சாத்துகிறது!

இந்த உணவில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வலிப்பு கட்டுப்படுகிறது. நடையும் பேச்சும் படிப்பும் அதே அளவுக்குத் தேறுவதில்லை. அதனால் ஆய்வாளர்கள் வேறு எரிபொருளைத் தேடினார்கள். சாதாரணக் கொழுப்பில் கார்பன் அணுக்கள் இரட்டைப்படையில் இருக்கும். ஏழு கார்பன் கொண்ட கொழுப்பை ஆய்வகத்தில் செய்தார்கள், பெயர் ட்ரைஹெப்டனாயின். இரண்டிரண்டாக வெட்டும்போது கடைசியில் மூன்று கார்பன் மிஞ்சும். செல்லின் எரிப்புச் சுழற்சியில் தீர்ந்துபோகும் இடைப்பொருட்களை அந்த மிச்சம் மறுபடி நிரப்பும். அருமையான யோசனை. டெக்சாஸில் ஹுவான் பாஸ்குவாலின் குழு செய்து 2014ல் வெளியிட்ட சிறிய ஆய்வு நம்பிக்கையூட்டியது. ஆனால் உடலசைவுக் கோளாறுகளுக்கு அது உதவுமா என்று பார்த்த பெரிய சோதனை 2018ல் தோற்றது. வேறொரு கொழுப்பு வளர்சிதைக் கோளாறுக்கு 2020ல் அமெரிக்காவில் அதே எண்ணெய்க்கு அனுமதி கிடைத்தது தனிக்கதை.

வாசலையே மீண்டும் கட்டிவிட்டால்? கொலம்பியாவின் உம்ராவ் மொனானியும் குழுவினரும் அதைத்தான் எலிகளில் செய்து பார்த்தார்கள். நோய் செய்யாத ஏஏவி9 என்ற வைரஸின் உள்ளடக்கத்தை எடுத்துவிட்டு, சரியான மரபணுவை வைத்து அனுப்பினார்கள். அந்த வைரஸின் கூட்டுக்குள் சுமார் 4,700 மரபு எழுத்துகள்தான் அடங்கும். குளூட்1 புரதத்தின் செய்முறைக்கு 1,500 போதும். 2017ல் வெளியான முடிவில், பிறந்த சில நாட்களிலேயே மரபணு கிடைத்த எலிக்குட்டிகள் நன்றாகத் தேறின. அதற்குள் இன்னொரு வியப்பும் இருந்தது: குளூட்1 குறைந்தால் மூளையின் நுண்குழாய்களே ஒழுங்காகக் கிளைவிட்டு வளர்வதில்லை, சீக்கிரம் கொடுத்தால் வளர்கின்றன. வளர்ந்த எலிகளுக்குத் தந்தபோது பலன் சொற்பம். காலம் தாழ்ந்தால் மரபணுவும் கைவிட்டுவிடும்.

ஆகவே நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் வைத்தியத்தில் பாதி. அதற்கும் ஒரு வைரஸே உதவிக்கு வந்தது. இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹெச்டிஎல்வி என்ற வைரஸ், செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி குளூட்1தான் என்று பிரான்சின் மோம்பெல்லியே நகர ஆய்வாளர்கள் 2003ல் கண்டார்கள். அந்த வைரஸின் பிடிக்கும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, ஒளிரும் அடையாளம் ஒட்டி, சிவப்பணுக்களில் எத்தனை வாசல் இருக்கிறது என்று எண்ண முடிகிறது. முதுகில் ஊசி வேண்டாம்; கொஞ்சம் இரத்தம் போதும். 2023ல் வெளியான ஆய்வில் பத்து நோயாளிகளில் சுமார் எட்டுப் பேரை இந்தச் சோதனை சரியாகக் கண்டுபிடித்தது. மீதி இரண்டு பேருக்குத் தண்டுவட நீரும் மரபணுப் பரிசோதனையும் வேண்டும்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒரு குழந்தைக்கு இருந்து, அது வெறும் வயிற்றில் கூடிச் சாப்பிட்டால் குறைகிறது என்றால், நரம்பியல் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: நான்கு மணி நேரம் சாப்பிடாமல் வைத்து, இரத்தச் சர்க்கரையையும் தண்டுவட நீரின் சர்க்கரையையும் ஒரே வேளையில் பார்த்தீர்களா?