வெங்காயத்தின் அடியை வீசிவிடாதீர்கள்

வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் முதலில் குப்பைக்குப் போவது வேர் ஒட்டியிருக்கும் அடிப்பகுதி. அந்த வெங்காயத்திலேயே உயிர்த்துடிப்பு மிக்க இடம் அதுதான். நாம் வதக்கிச் சாப்பிடும் அடுக்குகள் எல்லாம் உணவைச் சேமித்துத் தடித்துப்போன இலைகள். அவற்றைத் தாங்கும் தண்டு, அடியில் சிறு வட்டமாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதன் கீழ்ப்புறம் வேர்கள், மேற்புறம் நடுவில் குருத்து. ஓர் அங்குலம் விட்டு வெட்டி, அடி மட்டும் நனையும்படி ஒரு கிண்ணத்தில் வையுங்கள். சில நாள்களில் வெள்ளை வேர்கள் கிளம்பும். பிறகு நடுவிலிருந்து பச்சைத் தாள் நீளும். அப்போது வெளி அடுக்குகள் வற்றிச் சுருங்குவதைக் கவனியுங்கள். அவற்றில் இருந்த சர்க்கரைதான் தாளாக மாறிக்கொண்டிருக்கிறது.

நமக்குக் கையோ காலோ போனால் போனதுதான். தாவரம் அப்படியல்ல. அதன் தண்டு நுனியிலும் வேர் நுனியிலும் கணுக்களிலும் பிரிந்து பெருகும் திறனை இழக்காத செல்கள் இருக்கின்றன. பள்ளியில் ஆக்குத்திசு என்று படித்தோமே, அதுதான். குருத்தில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்டை வெட்டினால் அது மேலும் இறங்க வழியில்லாமல் வெட்டுவாய் அருகே சேர்கிறது, அங்கே வேர் பிறக்கிறது. இந்த இயல்பை நம்பித்தான் நம் உழவர்கள் கரும்பைக் கரணையாகவும் முருங்கையைப் போத்தாகவும் நடுகிறார்கள். மஞ்சளுக்கு விதைக் கிழங்கு, சின்ன வெங்காயத்துக்கு விதை வெங்காயம் என்று எடுத்து வைக்கிறார்கள்.

வேர் பிறப்பதைக் கண்ணால் பார்க்கப் புதினாவைவிட நல்ல செடி இல்லை. இலைகளை ஆய்ந்த பிறகு கையில் மிஞ்சும் தண்டுகளில் திடமான இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நுனியில் உள்ள சிற்றிலைகளை மட்டும் விட்டுவிட்டு, ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்கும்படி கண்ணாடித் தம்ளரில் நிறுத்துங்கள். நான்கு பட்டையாக இருக்கும் அந்தத் தண்டில், கணுவைச் சுற்றி முதலில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அடுத்த சில நாள்களில் அவை நூல் நூலாக நீளும். வேர் ஒரு விரல் நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடலாம். கொத்தமல்லிக்கு இந்த வழி சரிப்படாது. வேரோடு வாங்கிய கட்டை ஊன்றினாலும் நாலு இலை விட்டுப் பூத்துவிடும். முழு மல்லியை இரண்டாக உடைத்து விதைப்பதே நல்லது.

கேரட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தலைப்பகுதியைத் தண்ணீரில் வைத்தால் கேரட் காய்க்கும் என்று காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். நாம் சாப்பிடும் கேரட், விதையிலிருந்து இறங்கிய ஆணிவேர். அதை வெட்டிய பிறகு மெல்லிய பக்க வேர்கள் வருமே தவிர இன்னொரு கேரட் வராது. வருவது கீரை, அதைத் துவையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அறிவியல் வரலாற்றில் கேரட்டுக்குத் தனி இடம் உண்டு. எந்த ஒரு தாவரச் செல்லுக்கும் முழுச் செடியாகும் ஆற்றல் உண்டு என்ற எண்ணத்தை 1902-இல் ஆஸ்திரியத் தாவரவியலாளர் காட்லீப் ஹாபர்லாண்ட் முன்வைத்தார். அவருடைய சோதனைகளில் செல்கள் பிரியவே இல்லை. 1958-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எஃப்.சி. ஸ்டீவர்டின் குழு, கேரட் வேரின் செல்களிலிருந்து முழுச் செடிகளை வளர்த்துக் காட்டியது. அதற்குக் கைகொடுத்தவற்றில் ஒன்று, தேங்காய் உடைத்தால் வழிகிற அதே தண்ணீர்! தேங்காயின் கருவுக்கு உணவாக இயற்கை வைத்திருக்கும் அந்த நீரில், செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின்கள் இருக்கின்றன. இன்று ஏக்கர் கணக்கில் நடப்படும் திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளின் முன்கதையில் இந்தக் கேரட்டும் தேங்காய்த் தண்ணீரும் இருக்கின்றன.

கிழங்குகளில் கவனம் தேவை. உருளைக்கிழங்கின் கண்கள் ஒவ்வொன்றும் மொட்டுகள். மண்ணில் புதைத்தால் முளைக்கும். ஆனால் அதன் இலையையும் முளையையும் சாப்பிடக் கூடாது. பச்சை பாய்ந்த கிழங்கில் சேரும் சோலனைன் என்ற நச்சு, வேகவைத்தாலும் எளிதில் போகாது. சர்க்கரைவள்ளியில் இந்தப் பயம் இல்லை. அது வள்ளைக்கீரைக்குச் சொந்தம். அதன் கொழுந்தைத் தாராளமாகப் பொரியல் செய்யலாம். வீட்டு நிழலைத் தாங்கும் பயிர் என்றால் இஞ்சி. முளை கட்டிய துண்டை அகலமான தொட்டியில் ஊன்றி எட்டு ஒன்பது மாதம் பொறுத்திருக்க வேண்டும். பூண்டு கட்டக் குளிர் வேண்டும் என்பதால், சமவெளி வீடுகளில் அதன் தாளோடு திருப்தி அடைய வேண்டியதுதான்.

காய்கறிச் செலவு பெரிதாகக் குறையும் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். வெறும் தண்ணீரில் சத்து கிடையாது. செடி தன் கையிருப்பைத்தான் செலவழிக்கிறது, ஆகவே இரண்டு மூன்று அறுவடையோடு வெங்காயம் ஓய்ந்துவிடும். வெளிச்சமும் குறைவு. உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை ஒளி விழுகிறது. வீட்டுக்குள் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். நம் கண் அதற்குப் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும். ஜன்னல் ஓரமாக வையுங்கள். ஆனால் ஒரு குழந்தைக்கு வேர், தண்டு, மொட்டு என்றால் என்ன என்று காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஒரு வேண்டுகோள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த நீர் மிகவும் பிடிக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. கிண்ணத்தின் உட்புறத்தை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள்.