நாடகக் கம்பெனி கலைந்தது. காலண்டர் சாமி பிறந்தார்!

தச்சநல்லூர் தாண்டி மதுரை ரோட்டில் வடக்கே போனால் கோவில்பட்டி. கடைக்குக் கடை தொங்கிய சாமி காலண்டர்களுக்கு முகம் கொடுத்த ஊர்.

1942-ல் அங்கு வந்த நாடகக் கம்பெனி கலைந்தது. சீன் வரைய வந்த சி.கொண்டையராஜுவுக்குப் பிழைப்பு போச்சு! மயிலாப்பூர்க்காரர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆனாலும் ஊர் திரும்பவில்லை. கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். போட்டோ ஸ்டூடியோ கைகொடுத்தது.

பக்கத்துச் சிவகாசியில் அச்சகங்கள் பெருகின. காலண்டருக்குச் சாமி படம் வேண்டுமே! ராஜுவைத் தேடி வந்தார்கள்.

கல்யாணம் கட்டாதவர். சீடப்பிள்ளைகளே குடும்பம். டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம் எல்லாம் அங்கே தொழில் படித்தவர்கள்தான். சீடர் வரைந்த படத்திலும் குருவின் பெயர் சேர்ந்தே இருக்கும். சிபாரிசுக் கடிதம் வேறு எதற்கு?

1976-ல் ராஜு காலமானார். வருஷம் முடிந்தும் காலண்டரைத் தூக்கிப் போட மனமில்லாமல், படத்தை மட்டும் வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் ஏராளம்.